அடுக்களைக்குள் வந்த செருப்பு

உங்கள் வீட்டில் சமைக்க வருகிறவரின் கைப்பக்குவம் உங்களுக்குத் தெரியும். அவர் பாதத்தை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

பேச்சியம்மாளின் பாதத்தை மாட்டுங்காவில் மூன்று வீட்டார் பதினாறு வருடமாகப் பார்க்கவில்லை. தாராவியிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி நடந்தே வந்து, மூன்று வீட்டுக்கும் சமைத்து முடித்து, மூன்று மணிக்குத் திரும்பும் பாதம் அது. விரல்கள் அகன்று, குதிகால் வெடித்து, மிஞ்சி தேய்ந்து கம்பியாகிவிட்டது. அவளுக்கு வாய் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. கொதிக்கிற குழம்போடுகூடப் பேசுவாள். "அடங்குட்டி, வாரேம்லா!"

போன மழைக்காலத்தில் ஒருநாள் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தவள், "எம்மா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் ஆணி அடித்தாற்போல் இருந்தது. நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் அடங்கியது. அடுப்பு முன்னால் ஒரு மணி நேரம் நின்றால் திரும்ப ஏறியது. அவளுக்குத் தெரிந்த வேலையோ நின்று செய்கிற வேலை ஒன்றுதான். நிற்க முடியாவிட்டால் மூன்று வீடும் போய்விடும்.

செங்கல்லைச் சூடுபண்ணி, மேலே எருக்கிலை வைத்து மிதிக்கச் சொன்னார் புருஷன் தளவாய். தாராவியில் எருக்கிலைக்கு எங்கே போவது? சனிக்கிழமை மாருதி கோயில் வாசலில் எருக்கிலை மாலை விற்பார்கள். பேச்சியம்மாள் ஒரு மாலையை வாங்கினாள், கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"ஏட்டி, சாமி மாலையையா காலுக்கடியில வைக்கே?" தளவாய் பதறிப்போனார்.

"சாமிக்கா குதிகாலு வலிக்கு? எனக்குல்லா வலிக்கு."

கோயிலுக்குப் போகும் இலையில் பாதியாவது இப்படி வலிக்கிற காலுக்குப் போனால் நாடு உருப்படும்.

சூடு ஒரு பொழுதுக்குத் தாங்கியது. மறுநாள் காலையில் ஆணி அங்கேயே இருந்தது. பக்கத்து வீட்டு லூசியம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. அவள்தான் பேச்சியம்மாளை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். டாக்டர் குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டு, "செருப்பு எங்கே?" என்று கேட்டார். பேச்சியம்மாள் அதை அறை வாசலிலேயே கழற்றிப் போட்டிருந்தாள். எடுத்து வந்து காட்டினாள். தங்கநிற வார், அப்பளம்போல அடிப்பாகம், ஒரு பக்கமாகத் தேய்ந்த பின்பகுதி.

குதிகாலிலிருந்து விரல்வரை ஓடுகிற ஒரு நார் புண்ணாகியிருக்கிறது என்றார் டாக்டர். கெட்டியான தரையில் மணிக்கணக்காக நிற்பதால் வருவது. குதிகாலுக்கு மெத்தென்றும், பாதத்தின் வளைவுக்குத் தாங்கலாகவும் இருக்கிற செருப்பு வேண்டும். தினமும் கெண்டைக்காலை இழுத்து நீட்ட வேண்டும். "வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நிற்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

செருப்புக் கடை சைஃப், காலையில் போனவளைச் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பகலெல்லாம் நின்ற கால் சாயங்காலம் வீங்கியிருக்கும், அதற்குப் பொருந்துவதுதான் உண்மையான அளவு என்றார். சாயங்காலம் போனபோது பேச்சியம்மாள் "அஞ்சு நம்பர்" என்றாள். அவர் ஒரு தாளை விரித்து அவள் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தார். ஏழு வந்தது.

"கல்யாணத்துல இருந்து நான் அஞ்சு நம்பர்தான் பாய்!"

"கல்யாணமாகி எத்தனை வருஷம் மவுசி?"

"முப்பத்திரண்டு."

"கால் மட்டும் இன்னும் புதுப்பொண்ணாவே இருக்குமா?"

ஒரு செருப்பை எடுத்து வளைத்துக் காட்டினார். விரல் பக்கம் வளையலாம், நடுவில் புத்தகம்போல மடிந்தால் அதைத் தொடாதே. விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் விடு. எல்லாவற்றுக்கும் பொருந்தியது, படகுபோல ஒரு பழுப்புச் செருப்பு. பேச்சியம்மாள் தங்கநிறத்தைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "போலீஸ்காரன் செருப்பால்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாங்கினாள். வீட்டுக்குள் போடவும் மெத்தென்று ஒரு ஜோடி எடுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் ஆயிற்று. வலி ஒரு துளிகூடக் குறையவில்லை.

"டாக்டரு என்னைய ஏச்சுப்புட்டாரு லூசி."

"செருப்பு போடுதியா?"

"நடக்கயில போடுதேன். வீட்டுலயும் போடுதேன்."

"மாட்டுங்காவுல?"

"அங்க எப்படிப் போட? வாசல்ல கழத்திட்டுத்தானே உள்ள போவேன்."

லூசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் வீட்டுல நீ எங்கட்டி நிக்கே? படுக்கத்தானே செய்யுதே! நீ நிக்கது பூரா அடுத்தவுக வீட்டுலல்லா? வீடுன்னு டாக்டரு சொன்னது அதைத்தான்!"

பேச்சியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல செருப்பு தினமும் ஏழெட்டு மணி நேரம் மாட்டுங்கா வாசல்களில் சும்மா கிடந்திருக்கிறது. பாதம் உள்ளே கருங்கல் பாவிய தரையில் கிடந்து வெந்திருக்கிறது.

மறுநாள் மெத்தைச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்றில் முதல் வீடான விசாலம் மாமி வீட்டுக்குப் போனாள். தெருச்செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மற்றதை மாட்டிக்கொண்டு அடுக்களைக்குள் கால் வைத்தாள்.

"என்னடி இது! சமையல் உள்ளுக்குள்ள செருப்போடயா வருவா?"

"டாக்டரு போடச் சொன்னாரு மாமி. இது தெருவைப் பாத்ததே இல்ல."

"அதெல்லாம் நடக்காது. ஸ்வாமி அலமாரி இங்கதானே இருக்கு?"

பேச்சியம்மாள் மாமியின் காலைப் பார்த்தாள். நீலநிறத்தில், பஞ்சுபோல, பின்வார் வைத்த செருப்பு. "அப்ப உங்க காலுல இருக்கது என்ன மாமி?"

மாமி குனிந்து பார்த்தார். "இது... முட்டிவலிக்கு டாக்டர் சொன்னதுடி. ஆத்துக்குள்ள மட்டும் போட்டுக்கறது."

"எனக்கும் டாக்டருதான் சொன்னாரு. உங்க டாக்டரு சாமிகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிட்டாரோ?"

தூசிதான் காரணம் என்றால், தூசி ஆள் பார்த்து ஒட்டுவதில்லை. ஒரே அடுக்களையில் ஒரு செருப்பு மருந்து, இன்னொரு செருப்பு தீட்டு என்றால், அந்தத் தீட்டு செருப்பில் இல்லை, காலுக்கு உரியவளை எங்கே வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

விசாலம் மாமி கெட்டவர் இல்லை. அதற்குள் மாமி அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கியது. "அடங்குட்டி, வாரேன்" என்று பேச்சியம்மாள் வழக்கம்போல அதட்டினாள், அடுக்களை வாசற்படியில் நின்றபடியே. மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி, போட்டுண்டு வா. அது நம்மாத்துலயே இருக்கட்டும். தினம் தூக்கிண்டு அலையாதே" என்றார்.

இரண்டாவது வீட்டில் கேட்டதும் சரி என்றார்கள். மூன்றாவது வீட்டில் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "செருப்பு வெளியேன்னா நானும் வெளியே" என்று பேச்சியம்மாள் அந்த வீட்டை விட்டாள். பதினாறு வருட வீடு. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். பத்து நாள் கழித்து சுனாபட்டியில் வேறு வீடு கிடைத்தது. அந்த வீட்டுக்காரி ஷ்ருதியிடம் முதல் நாளே செருப்பைத்தான் எடுத்துக் காட்டினாள், சம்பளத்தைப் பிறகுதான் பேசினாள்.

தை பிறந்தபோது, பாயிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் ஆணி இல்லை. தளவாயை எழுப்பி நடந்து காட்டினாள்.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் சமைக்கிறவரை ஒரு தாளின்மேல் நிற்கச் சொல்லுங்கள். பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். குனிந்து, நீங்களே போடுங்கள். அந்த அளவுக்கு மெத்தென்று ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். அதை வாசலில் வைக்காதீர்கள், அடுக்களைக்குள் வையுங்கள்.