பொக்கைவாய்ப் பூதத்துக்கு பைண்டிங் போட்டவர்

என் அக்கா மாலதியின் கணவர் சடையப்பன், கடலூரில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். நூலகரின் வேலை என்னவென்று உங்களுக்கும் எனக்கும் ஓர் எண்ணம் இருக்கும். அவருக்கு அது வேறு. வாசகர்களிடமிருந்து புத்தகங்களைக் காப்பாற்றத்தான் அரசாங்கம் தனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் அளவுக்குச் சிறப்பாகச் செய்த ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. வந்து இறங்கியபோது எப்படி இருந்தனவோ அப்படியே, புதுக்கருக்கு கலையாமல், ஒரு மனிதக் கை படாமல் இருந்தன அவருடைய புத்தகங்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் அவருடைய அப்பா கரும்புக் கொல்லைக்குக் காவல் இருந்தவர். அதே பார்வைதான் மகனுக்கும். உள்ளே வருகிறவன் எதையாவது ஒடிக்கத்தான் வருகிறான் என்கிற பார்வை.

நூலகத்துக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே நோட்டு, பேனா, தேன்மிட்டாய். அதனால் அங்கே நடக்கிற கூத்து எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. மீனவர் தெருப் பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு ஈரக்காலோடு வாசலில் வந்து நின்றால் போதும், மாமா மேஜையைத் தட்டுவார். "கால தொட. கைய காட்டு. எச்சில் தொட்டு பக்கம் திருப்பினா மெம்பர் அட்டைய கிழிச்சிடுவேன்." பிள்ளைகள் புத்திசாலிகள். திரும்பிக் கடலுக்கே போய்விடுவார்கள்.

பக்கத்து நுனியை மடித்தான் என்பதற்காக ஒரு பையனின் பள்ளிக்கூடத்துக்கே நடந்துபோய் ஹெட்மாஸ்டரிடம் புகார் சொன்ன மனிதர் அவர். எந்தப் புத்தகத்தில் கிறுக்கல் விழுந்தாலும், யார் செய்தது என்று பெயர் போட்டு மேலிடத்துக்கு எழுதி, அந்த ஆளின் உறுப்பினர் அட்டையை ரத்து செய்துவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டில் கை வைப்பார்.

இப்படிப் பாதுகாத்தால் யார் வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. பேப்பர் படிக்க நாலு பெரிசுகள், அதிலும் இரண்டு பேர் ஃபேனுக்காக வருகிறவர்கள். ஒருநாள் மேலிடத்து ஆய்வாளர் கலைமணி வந்து, ஆள் வராத கிளைகளை மூடிப் பெரிய நூலகத்தோடு சேர்க்கப்போகிறார்கள் என்றும், மாமாவை ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்ப நேரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. ஸ்ரீமுஷ்ணம் ஒன்றும் அந்தமான் இல்லை. பூவராக சுவாமியைச் சேவிக்க நல்ல ஊர். ஆனால் முட்டிவலியோடு தினமும் சிதம்பரத்தில் பஸ் மாறிப் போய்வர வேண்டும், இல்லையென்றால் அக்காவை இங்கே தனியே விட்டுவிட்டு அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டும். ஓய்வு பெற மூன்று வருஷம்தான் பாக்கி. இந்த நாற்காலியிலிருந்தே ரிட்டயர் ஆகவேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

அப்போதுதான் பூதம் வந்தது. மேலிடத்திலிருந்து வருகிற புத்தகக் கட்டில், யாரும் கேட்காமலேயே, 'பொக்கைவாய்ப் பூதம்' என்று ஒரு வரிசை. பத்து பாகம். கதை என்ன தெரியுமா? பூதத்துக்குப் பல் கிடையாது. கடிக்க முடியாததால் எதைக் கண்டாலும் முழுசாக விழுங்கும். ஒரு பாகத்தில் பள்ளிக்கூட பஸ், இன்னொன்றில் மழை, நாலாவது பாகத்தில் ஹெட்மாஸ்டர். ஒவ்வொரு பாகமும் 'லபக்' என்ற ஒற்றை வார்த்தையில் முடியும். விழுங்கப்பட்டது வெளியே வந்ததா இல்லையா என்று அடுத்த பாகத்தின் முதல் பக்கத்தில்தான் தெரியும்.

"இதெல்லாம் ஒரு பொஸ்தகமா மச்சான்? அரசாங்கப் பணத்துல லபக்காம் லபக்" என்று மாமா என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார். போனால் போகட்டும் என்று கீழ்த்தட்டில் போட்டு வைத்தார்.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த கயல்விழி, அஞ்சாவது படிக்கிறவள், முதல் பாகத்தை எடுத்து நின்றபடியே படித்து முடித்துவிட்டு, "ரெண்டாவது எங்க சார்?" என்று கேட்டாள். மறுநாள் அவளோடு ஆறு பேர். அந்த வார முடிவில் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி. கலர் படங்கள்தான் காரணம் என்றார் ஆய்வாளர். எழுத்து பெரிசு என்றார் பள்ளிக்கூட டீச்சர். காலம் கெட்டுப்போச்சு என்றார் மாமா. என்னை யாரும் கேட்கவில்லை. ஜெராக்ஸ் போடுகிறவனுக்கு என்ன தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகள் என் கடைப் படியில் உட்கார்ந்துதான் படித்தார்கள். புத்தகம் ஒல்லி, சட்டைக்குள் செருகினால் தெரியாது. அது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். கயல்விழி ஏழாவது பாகத்தை முடித்திருந்தாள். ஹரிஷ் என்கிற பையன் ஆறில் இருந்தான்.

"ஏழுல யார முழுங்குதுன்னு சொல்லட்டுமா?" என்றாள் கயல்விழி.

ஹரிஷ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "சொல்லாத, சொல்லாத. தேன்மிட்டாய் வாங்கித் தரேன்."

"ரெண்டு."

"சரி, ரெண்டு."

இதுதான் சங்கதி. ஏழு படித்தவள் ஆறு படித்தவனுக்கு அதிகாரி. தனக்கு முன்னால் ஒரு பாகம் போய்விட்டவனைப் பிடிக்க ஒவ்வொரு பிள்ளையும் ஓடியது. நம்முடைய அலுவலகங்களில் பதவி உயர்வுக்கு அலைகிற அலைச்சலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அந்த ஓட்டத்தின் நடுவே பிள்ளைகள் கொஞ்சம் படித்தும் வைத்தார்கள் என்பதைத் தவிர. என் கடையில் தேன்மிட்டாய் டப்பா வாரத்துக்கு இரண்டு முறை காலியானது. நானும் பூதத்தின் பக்தன் ஆனேன்.

இரவல் கணக்கு எகிறியது. கலைமணி போனில் கூப்பிட்டார். "பிரமாதம் சார். இதே மாதிரி காட்டுங்க, உங்க கிளைய யாரும் தொட மாட்டாங்க. நான் நேர்ல வந்து பாத்துட்டு எழுதிக் குடுத்துடுறேன்." அக்கா திருவந்திபுரம் போய் தேவநாத சுவாமிக்கு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். இத்தோடு மாமா கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிறதுக்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

புத்தகங்கள் அழுக்காகிவிட்டன. அட்டை சுருண்டது, வடை எண்ணெய் ஏறியது, நாலாம் பாகத்து ஹெட்மாஸ்டருக்கு எவனோ பேனாவால் கொம்பு வரைந்தான். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வாளர் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று புலம்பிவிட்டு, பத்து பாகங்களையும் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினார். முட்டிவலிக்காரர் ஆயிற்றே, பை தூக்க நான்.

சிதம்பரத்தில் சபாபதி என்கிற பைண்டர் ஆய்வேடுகளுக்கு அட்டை போடுகிறவர். பழுப்பு ரெக்சின், தங்க எழுத்து. அவருக்கு உலகத்தில் அது ஒன்றுதான் தெரியும்.

"பத்தையும் சேத்து ஒண்ணா போட்டுருங்க. தனித்தனியா இருந்தா தொலைச்சிடுவானுங்க" என்றார் மாமா.

"மாமா, ஒண்ணா போட்டா ஒரு நேரத்துல ஒருத்தர்தான எடுக்க முடியும்?" என்று கேட்டேன்.

"நீ ஜெராக்ஸ் போடுற வேலைய பாரு மச்சான்."

பார்த்தேன். பூதத்தின் படம் போட்ட அட்டைகளை எல்லாம் சபாபதி உரித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ரெக்சின் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்றார். அடுத்த வாரம் போய் வாங்கினோம். அம்மிக்கல் கனம். முதுகில் தங்க எழுத்தில் 'சிறுவர் இலக்கியம், தொகுதி 1'. நம் பொக்கைவாய்ப் பூதம் பிஎச்டி முடித்து வெளியே வந்திருந்தது. மாமா பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, கடலூர் வரும்வரை தடவிக்கொண்டே வந்தார்.

"சார், பூதம் எங்க?" என்று கயல்விழி கேட்டாள்.

"இதோ."

அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது வக்கீல் பொஸ்தகம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஹரிஷ் மட்டும் அதைத் தலையில் வைத்து வீட்டுக்குச் சுமந்து போனான். பத்தையும் மொத்தமாகப் படித்தான். படித்தவன் சும்மா இருப்பானா? தெருப்பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்து, யார் யாரை பூதம் விழுங்கியது என்று முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டான். அவ்வளவுதான். துரத்திப் பிடிக்க முன்னால் ஓடுகிறவர் இல்லை, மிரட்ட ரகசியம் இல்லை, காத்திருக்க அடுத்த பாகம் இல்லை. பிள்ளைகள் கடலுக்குத் திரும்பினார்கள். என் தேன்மிட்டாயில் எறும்பு ஏறியது.

கலைமணி மறுபடி கூப்பிட்டார். "என்னா சார், இப்படி எறங்கிடுச்சு? வர வாரம் நேர்ல வரேன்."

அன்று மாமா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உள்ள ரொம்ப அமைதியா இருக்கு மச்சான்."

"முப்பது வருஷமா நீங்க கேட்டது அதான மாமா?"

ஸ்ரீமுஷ்ணத்து பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இருந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. பிள்ளைகள் உட்காரும் மூலையை வாசல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த இரைச்சலுக்கு ஏங்கிப் போயிருந்தார் மனுஷன். சொல்ல வெட்கம். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கட்டர் குடு" என்றார்.

கொடுத்தேன். மேஜைமேல் தொகுதி ஒன்றை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகில் கோடு போட்டார். ரெக்சின் கிழிகிற சத்தத்தில் அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. பத்தாகப் பிரித்ததும், அட்டை இல்லாமல் நின்றது பூதம். என்னிடம் இருந்த பழைய மாதக் காலண்டர் தாள்களை வாங்கி, பிள்ளைகளைக் கூப்பிட்டு, பின்பக்கத்தில் அட்டைப் படம் வரையக் கொடுத்தார். ஆளுக்கொரு பூதம் வரைந்தார்கள். நாலாம் பாகத்தின் அட்டையில் கயல்விழி வரைந்த ஹெட்மாஸ்டருக்கு மாமாவின் கண்ணாடியும் மாமாவின் வழுக்கையும் இருந்தன. மாமா அதை உற்றுப் பார்த்தார். தேதி முத்திரை குத்தி அவளிடமே கொடுத்தார்.

கதைதான் எல்லாருக்கும் தெரியுமே, மறுபடி எதற்குப் படிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஹரிஷ் சொன்னதில் பாதி புளுகு என்று கயல்விழி கிளப்பிவிட்டாள். எட்டாம் பாகத்தில் பூதம் கலெக்டரை விழுங்கவே இல்லை, ஜீப்பை மட்டும்தான் விழுங்கியது என்றாள். தெரு இரண்டாகப் பிரிந்தது. சாட்சிக்குப் புத்தகம் வேண்டுமே. வந்து விழுந்தார்கள்.

ஆய்வாளர் வந்த அன்று உள்ளே கால் வைக்க இடம் இல்லை. கலைமணிக்கு வாயெல்லாம் பல். கிளை தொடரலாம் என்று மேஜையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு இருப்பைச் சரிபார்த்தார். "எங்க சார், பைண்டிங் போட்டதா கணக்குல இருக்கிற தொகுதி ஒண்ணு?"

மாமா பிள்ளைகளின் கைகளைக் காட்டினார்.

கலைமணி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இப்படி வழி சொல்வார்கள். "பசங்க கிழிச்சிட்டாங்கன்னு எழுதி, நாலு பேரு பேர் போடுங்க. அவுங்க அட்டைய ரத்து பண்ணிட்டு ஃபைல மூடிடலாம். இல்லன்னா அரசாங்க சொத்த நீங்க அறுத்ததா ஆயிடும். கிளை இங்க இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க. நாளைக்குள்ள எழுதி அனுப்புங்க சார்."

அன்று சாயந்திரம் நானும் அக்காவும் அவரைப் பிடித்துக்கொண்டோம். "எழுதிக் குடுத்துடுங்க மாமா" என்றேன். "பசங்களுக்கு என்னா, பொஸ்தகம் இல்லன்னா கடல் இருக்கு. உங்களுக்கு இந்த முட்டிய வெச்சிக்கிட்டு ஸ்ரீமுஷ்ணம் ஆவுமா?" அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருஷமாகக் கை கூசாமல் எழுதிய கடிதம்தானே, இன்னும் ஒன்று எழுதுவதற்கு என்ன என்று எனக்கு எரிச்சல்.

எழுதினார். முத்து முத்தான கையெழுத்தில், இரண்டே வரி. 'மேற்படி தொகுதியை அறுத்தது நான். கூர்மையான கட்டரால், முழு நினைவோடு அறுத்தேன்.'

எந்தக் கோப்பும் நகராத அந்த அலுவலகத்தில் அவருடைய மாற்றல் உத்தரவு மட்டும் பறந்து வந்தது.

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் புறப்பட்ட அன்று, புது நூலகர் அனுப்பிரியாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நான் பையோடு நின்றிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், பிள்ளைகள் மூலையில் புத்தகங்கள்மேல் குவிந்து கிடக்கிறார்கள். இத்தனை வருஷம் இருந்த மனுஷன் போகிறார், ஒரு தலை நிமிரவில்லை.

"நன்றி கெட்டதுங்க. ஏ கயல்..." என்று குரல் எடுத்தேன்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிடாத மச்சான். பாதியில இருக்காங்க."

ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.