தமிழில் வந்த ஒரே சீட்டு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நூற்றிருபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, "கேள்வி கேட்பது யார் என்று யாருக்கும் தெரியாது, என்னை நம்பலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் அந்த வாக்கை நானே உடைத்தேன். அதுவும் மைக்கில்.

வித்துரா போகிற மலை வழியில் ஒரு மலையாளப் பள்ளிக்கூடம். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். காரணம் போகப் போகப் புரியும். பத்தாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் போதைப்பொருள் பற்றி வகுப்பெடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியை போன் செய்திருந்தார். முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாக மருந்து எடுத்துக் கொடுத்தவள், ரிட்டயர் ஆனபின் இந்தப் பத்தியில் உங்களோடு வாராவாரம் வாயடிக்கிறவள், மலையாளமும் தமிழும் பேசுவாள்... வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

இந்த வகுப்புகளில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. மண்டையோட்டுப் படம் காட்ட மாட்டேன். எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொல்ல மாட்டேன். "ஒரு தடவை தொட்டால் செத்தாய்" என்று சொல்லவே மாட்டேன். சிலருக்கு முதல் தடவையே ஆபத்தாக முடியும், உண்மைதான். ஆனால் இன்னொருவன் மறுநாள் பள்ளிக்கு வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறானே? பிள்ளைகள் அவனையும் பார்க்கிறார்கள், நம்மையும் பார்க்கிறார்கள். நாம் சொன்ன ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால், மிச்சம் சொல்லும் பத்து உண்மையும் போச்சு.

அதனால் உள்ளதை உள்ளபடி சொல்வேன். உங்கள் மூளை இன்னும் வளர்ந்து முடியவில்லை, இப்போது அதில் கைவைத்தால் நஷ்டம் அதிகம். பொடி என்று பிள்ளைகள் சொல்லும் போதைத் தூள் வகைகள் முதலில் தூக்கத்தைத் தின்னும், அப்புறம் பசியை, அப்புறம் சொந்த வீட்டுக்காரர்கள் மேல் இருக்கும் நம்பிக்கையை. சிலருக்கு இல்லாத குரல் கேட்கும். இவ்வளவுதான் என் பாடம்.

பாடம் முடிந்ததும் பெட்டி வரும். ஒரு செருப்புப் பெட்டி, மேலே ஒரு கீறல். ஆளுக்கொரு துண்டுத் தாள், மலையாளத்திலோ தமிழிலோ எழுதலாம், பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்களும் வெறும் தாளை மடித்துப் போட வேண்டும். அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. இந்த ஏற்பாடு முழுக்க என் மூளையில் உதித்தது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

முதல் சீட்டு: மேடம் எப்போதாவது கஞ்சா இழுத்ததுண்டா? இல்லை என்றேன். ஆனால் காலையில் காபி கிடைக்காவிட்டால் பதினோரு மணிக்குத் தலை வெடிக்கும், அன்று என்னோடு பேசுகிறவர்களின் கதியை என் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பழக்கம் என்றால் என்னவென்று அவர் சொல்வார் என்றேன். ஹால் சிரித்தது. அடுத்த சீட்டு: கஞ்சா செடிதானே, இயற்கைதானே? அரளியும் செடிதான் என்றேன். கைதட்டினார்கள். நானும் அன்று நல்ல ஃபார்மில் இருந்தேன்.

எட்டாவதோ ஒன்பதாவதோ பிரித்த சீட்டு — தமிழ்.

என் சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மலையாளிகள் நடுவே, வலியசாலையில் நாங்கள் நாலு தலைமுறைத் தமிழ்க் குடும்பம். நான் தமிழில் கேட்டால் என் மகள் மலையாளத்தில் பதில் சொல்வாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எங்கள் தெருவில் அவள் வயதில் யாருக்குமே வராது. அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு, மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில், குண்டு குண்டாக, பிழையில்லாத தமிழ்க் கையெழுத்து! எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்கள், ஒரு தமிழ்ச் சீட்டு!" என்று மலையாளத்தில் அறிவித்தேன். தூக்கிக் காட்டினேன். ஒப்புவித்தல் போட்டி மாதிரி நிறுத்தி நிதானமாகத் தமிழிலேயே வாசித்தேன். வாசித்துவிட்டு மலையாளத்திலும் அர்த்தம் சொன்னேன்.

"எங்க வீட்டுல ஒருத்தர் பொடி போடுறாங்க. அப்பாகிட்ட சொன்னா அடிச்சுக் கொன்னுருவாங்க. போலீஸ்ல சொன்னா பிடிச்சிட்டுப் போயிருவாங்க. யார்கிட்ட சொல்லணும்?"

நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நூற்றுப்பத்தொன்பது தலைகளும் ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அங்கே ஒரு பெண் டெஸ்க்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வகுப்பிலும் தமிழ் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த ஹாலில் அது தெரியாத ஒரே ஆள் நான்.

முப்பது வருஷ சர்வீஸில் மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை. அன்று மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

மழுப்பிப் பார்த்திருக்கலாம். "இது நான் எழுதிப் போட்ட சீட்டு" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன் என்றுதானே வகுப்பையே ஆரம்பித்தேன்? தப்பு என்னுடையது என்று மைக்கிலேயே சொன்னேன். ரகசியமாக வைப்பேன் என்று சொல்லிவிட்டு வைக்கவில்லை, இனி அதை வைத்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். கேள்விக்குப் பதிலும் சொன்னேன். இது நோய். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள். வைத்தியம் கேட்டு வருகிறவரைப் பிடித்துக் கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் தனியாகப் பார்த்தேன். செல்வி என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் இன்னும் சிலதையும் மாற்றியிருக்கிறேன். சங்கரன்கோவில் பக்கம். அம்மா ஊரில், அப்பா இங்கே சந்தையருகே ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். பொடி போடுவது அண்ணன், வயது பத்தொன்பது, டைல்ஸ் வேலை. இரண்டு ராத்திரி தூங்க மாட்டானாம், மூன்றாம் நாள் முழுக்கத் தூங்குவானாம். கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறது என்பானாம். அவன் சாப்பிடாத சோற்றை அப்பா கண்ணில் படாமல் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டு, ஆறு மாதமாக இவள் சமாளித்திருக்கிறாள்.

ஏன் தமிழில் எழுதினாய் என்று கேட்டேன்.

"மலையாளத்துல எழுதுனா டீச்சருங்க யாராச்சும் எடுத்துப் படிச்சிருவாங்க. தமிழ்னா உங்களுக்கு மட்டுந்தான தெரியும்னு எழுதுனேன் மேடம்."

அவள் பூட்டித்தான் கொடுத்திருக்கிறாள். சாவி இருந்த ஒரே ஆள் நான், அதைத் திறந்து ஊருக்கே காட்டிவிட்டேன். அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை. அரை மணி நேரத்தில் பள்ளி விடும். நூற்றுப்பத்தொன்பது பேரில் ஒருவராவது அந்த ஹோட்டலில் டீ குடிக்கிற அப்பாவின் பிள்ளையாக இருக்கும். பரோட்டா மாஸ்டருக்கு விஷயம் எந்த வாயிலிருந்து போய்ச் சேரப்போகிறது?

நானே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இந்தத் தடவை முதலில் கேட்டேன்.

"வேண்டாம். நான் சொல்லுதேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

தலைமையாசிரியையிடம் அவளைக் கூட்டிப்போக அனுமதி வாங்கினேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன். மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகளை விடாமல் கால் மணி நேரம் பிடித்துவைக்க முடியுமா? எப்படி என்றார். எல்லோரையும் கையை நீட்டி நிற்கவைத்து உறுதிமொழி எடுங்கள் டீச்சர், மெதுவாக எடுங்கள் என்றேன். பத்து வருஷமாக நான் கேலி செய்துவந்த உறுதிமொழி!

ஹோட்டலின் பின்பக்கம், மாவு பிசைந்துகொண்டிருந்தார் அப்பா. மகளைப் பள்ளிக்கூட நேரத்தில் பார்த்ததும் முகம் மாறியது. செல்வி சுற்றி வளைக்கவில்லை. அண்ணன் பொடி போடுகிறான், ஆறு மாதமாகத் தெரியும், நான்தான் மறைத்தேன், இன்று பள்ளிக்கூடத்தில் சீட்டில் எழுதிக் கேட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

கையிலிருந்த மாவைக் கல்லில் ஓங்கி அறைந்தார் மனிதர். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமெல்லாம் சீட்டின் மேல்.

"பிழைக்க வந்த எடத்துல நம்ம வீட்டுக் கதையை எழுதியா போடுவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி பதில் சொல்லிவிட்டாள். ஓரடி பின்னால் போகவில்லை.

"எழுதலைன்னா அவன் செத்துப்போவாம்ப்பா."

அப்பா குழாயடிக்குப் போய் மாவு ஒட்டிய கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து என்னிடம் கேட்டார், "போலீஸ் வருமா, யம்மா?"

வராது, நானே கூட வரேன் என்றேன். திங்கட்கிழமை காலையில் நாலு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். அந்தப் பையன் வழியெல்லாம் என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தான். வந்தான், அதுதான் முக்கியம்.

பிள்ளைகளிடம் "எதுவானாலும் எங்களிடம் சொல்" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். போஸ்டர் ஒட்டுகிறோம். சொன்னதை எங்கே வைப்பது, யாரிடம் காட்டாமல் இருப்பது என்று நமக்கு யார் வகுப்பெடுத்தார்கள்? அவர்களுக்கு வாயைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தோம். நமக்கு வாயை மூடத் தெரியவில்லை. என் வகுப்பு இனியும் நடக்கும், நன்றாகவே நடக்கும். பெட்டியும் இருக்கும். சீட்டுகளை மட்டும் முதலில் நான் தனியாக வாசிப்பேன். எந்த மொழியில் வந்தது, என்ன கையெழுத்து என்ற பேச்சே எடுக்காமல், கேள்வியை என் வார்த்தையில் சொல்வேன்.

பையனுக்கு வைத்தியம் தொடங்கி இது மூன்றாவது வாரம். நடுவில் ஒரு நாள் வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டான். அப்பா லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து மறுநாள் கூட்டிவந்தார். இப்போது ராத்திரி தூங்குகிறான், சோறு கோழிக்குப் போவதில்லை. டாக்டர் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. நானும் தர மாட்டேன். ஆனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பள்ளியில் இரண்டு நாள் குசுகுசுத்தார்களாம். மூன்றாம் நாள் கால்பந்து மேட்ச் வந்தது, விட்டுவிட்டார்களாம்.

இந்த வாரம் இதை எழுதலாமா என்று செல்விக்குப் போன் செய்து கேட்டேன். அப்பாவிடம் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"எழுதுங்க மேடம். தமிழ்லயே எழுதுங்க, எங்க ஸ்கூல்ல யாருக்கும் வாசிக்கத் தெரியாது. மைக்ல மட்டும் வாசிச்சிராதீங்க."