கிணற்றுக்குள் விளக்கு எரிந்தது

போன வருடக் கோடையில் எங்கள் வீட்டுக் கிணற்றில் சேறு அள்ள இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன், தம்பி. தம்பிக்கு இருபத்திரண்டு வயது. நான் தண்ணீர் வழங்கும் பிரிவில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எந்த வேலைக்கும் முதலில் பட்டியல் எழுதுவேன். அன்றும் போனில் எழுதினேன்: கயிறு, கயிற்றேணி, பலகை, வாளி, தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு மண்ணெண்ணெய். ஐந்துக்கும் சரி போட்டேன். காற்று என்று நான் எழுதவில்லை.

தண்ணீர் முப்பதடிக்குக் கீழே போயிருந்தது. மேலே வைத்த மெசின் அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்சாது. எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். பாதி ஆழத்தில் குறுக்கே பலகை போட்டு, மெசினை ஓடவிட்டு அதில் இறக்கினார்கள். நான் பலகையின் தடிப்பைப் பார்த்து, பாரம் தாங்கும் என்றேன்.

ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் வற்றியது. மெசினை மேலே தூக்கினார்கள். அண்ணன் குப்பி விளக்கைக் கொளுத்தி, வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கினார். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது, எரிந்தால் காற்று நல்லது. கிணறு இறைக்கிறவர்களின் வழக்கம் அது. விளக்கு அடிவரைக்கும் எரிந்தது.

"எதுக்கும் கொஞ்சம் பொறுப்பம்," என்றார் அண்ணன்.

"நீ பொறு. உன்ரை வண்டி வயித்தோடை இறங்கினா ஏணியோடை கிணத்துக்கட்டும் சேர்ந்து வரும்," என்று தம்பி சிரித்தான். பிறகு என்னிடம் திரும்பினான். "அக்கா, நீங்கள் படிச்சனீங்கள். சொல்லுங்கோ, இறங்கலாமோ?"

எட்டிப் பார்த்தேன். "ஓம், வடிவா எரியுது. இறங்கலாம்," என்றேன்.

இரண்டு வாளி சேறு மேலே வந்தது. மூன்றாவதுக்குக் குனிந்தவன் நிமிரவில்லை. அண்ணன் ஏணியில் கால் வைத்தபோதுதான் வகுப்பில் படித்தது எனக்கு நினைவு வந்தது. மெசின் புகையில் உள்ள காபன் மொனொட்சைட் வாயுவுக்கு மணம் இல்லை. ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அயலவர் மூன்று பேர் சேர்ந்து அவரை நிலத்தில் அமுக்கினார்கள்.

"விடுங்கோடா! என்ரை தம்பியடா!"

தீயணைப்புப் படையினர் மூச்சுக் கருவியோடு இறங்கித் தூக்கியபோது உயிர் இல்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. போகும் வழியில் அப்பா சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் சொல்லு. உனக்கு அரசாங்க வேலை, பிள்ளை."

விறாந்தையில் சொந்தக்காரர் கதைத்தது எனக்குக் கேட்டது. "சின்னனை இறக்கிப்போட்டு மூத்தவர் மேலை நிண்டவராம்." தாயார் சுவரோர மர வாங்கின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூத்த மகன் கொண்டுபோன தேத்தண்ணீரை அவர் தொடவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அண்ணன் இந்தப் பழியோடுதான் வீட்டுக்குப் போவார்.

"இறங்கச் சொன்னது ஆர்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"விளக்கு இறக்கினது நான், ஐயா," என்றார் அண்ணன்.

"நான் அதைக் கேக்கேல்லை."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தார்.

"நான் சொன்னனான்," என்றேன். பலகை, மெசின், புகை, விளக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பா கதவோரம் இருமினார். அதிகாரி எழுதினார், எழுதியதை வாசித்துக் காட்டினார், நான் கையெழுத்து வைத்தேன்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னை மறித்தார்.

"தங்கச்சி, விளக்கு எரிஞ்சாலும் ஆள் சாகும் எண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"படிச்சனான், அண்ணை. அந்த நேரம் நினைவு வரேல்லை."

"எனக்குத் தெரியாது," என்றார். பிறகு தாய்க்குக் கேட்கும்படி சத்தமாக, "எனக்கு அது தெரியவே தெரியாது!"

தாயார் தலையைத் திருப்பி என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளியிருந்து, வாங்கில் மகனுக்கு இடம் விட்டார்.