குனிந்தால் வலிக்காது

சிவப்பு டாக்ஸியின் பின்பக்கத்தில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறார் மாமே பிராகோ. மாமே என்றால் எங்கள் பேச்சில் அம்மா. உள்ளே உட்கார்ந்து டாக்ஸிக்காரன் ரொட்டி தின்கிறான். "உன் மாமியாருக்குக் கண்ணு கட்டு பிரிச்சாச்சா? பார்வை தெரியுதாமா?" என்று கேட்கிறார். அவன் வாயில் ரொட்டியோடு பதில் சொல்ல ஆரம்பிக்கிறான். அது முடிவதற்குள் அவர் முதுகை மெல்ல நிமிர்த்தி, அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார். அடுத்த இடம் சர்ச்சின் குட்டைச் சுவர். அதற்கப்புறம் செல்போன் கார்டு விற்கிறவளின் மரப்பெட்டி. அதற்கப்புறம் என் தையல் மேசை.

காலில் தெம்புள்ள ஒருவர் மாமேவின் வீட்டிலிருந்து அவருடைய பழக்கடைக்கு ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போய்ச் சேரலாம். மாமேவுக்குக் காலைப்பொழுதில் பாதி அதற்கே போய்விடும். சாய்ந்து நிற்கிற இடத்தில் எல்லாம் யாராவது இருப்பார்கள். சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று ஏதாவது கேட்பார். இதைப் பார்த்துவிட்டு எங்கள் பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு வாசலிலும் நின்று நலம் விசாரிக்கிற இந்தத் தாயைப் போல நாம் எல்லோரும் அன்போடு இருக்க வேண்டும் என்று பிரசங்கமே செய்தார். அன்றைக்கு வெளியே வந்ததும் மாமே என் காதில் சொன்னது: "நானாடி கேட்டேன்? என் இடுப்பு கேட்டுச்சு."

எங்கள் குமாசி ஊரில் முதுகு, கால், தொடை எங்கே வலித்தாலும் அதற்குப் பெயர் இடுப்பு வலிதான். பஸ்ஸில் ஏறி விற்கிற கசப்புத் தண்ணீர் மருந்து பாட்டிலின் படத்தில் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் நிற்பான். மாமே அந்தப் பாட்டில்களில் ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. முதுகெலும்புக்குள் நரம்பு இறங்கிப் போகிற வழி குறுகிவிட்டதாம். நிமிர்ந்தால் அந்த இடம் நரம்பை நெரிக்கிறது. குனிந்தால் கொஞ்சம் இடம் விடுகிறது. அவ்வளவுதான் நோய்.

அதனால்தான் கடையில் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, கரி அடுப்பின் மேல் கவிழ்ந்து, வாழைப்பழத்தைத் திருப்பித் திருப்பிச் சுடுவார். காகிதத்தில் பழத்தைச் சுற்றி, ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் போட்டுக் கொடுத்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. சாயங்காலம் வரை வலி என்கிற பேச்சே இருக்காது. வாங்க வருகிறவர்களை வம்புக்கு இழுப்பார். மெலிந்த பையன்களுக்கு "உன்னைக் காத்து தூக்கிட்டுப் போயிடும், இந்தா" என்று இன்னொரு பழம். கார் வைத்திருக்கிறவர்களுக்கு "உனக்கு எதுக்குடா கொசுறு?"

நான் அவருக்குத் துணி தைக்கிறவள். என் பெயர் ஃபோசுவா. அவர் குனிந்தே நடப்பதால் சட்டையின் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். அதற்காகப் பின்னால் நான் கொஞ்சம் நீளம் கூட்டி வெட்டுவேன். வருஷத்துக்கு வருஷம் அந்த நீளம் கூடிக்கொண்டே வருகிறது. அவருக்கு நான் தைத்தவற்றில் பாதிக்குமேல் சிவப்பும் கறுப்பும். சாவு வீட்டுத் துணி.

ஏனென்றால் மாமே பிராகோ சாவு வீட்டில் ஆடுகிற அடோவா ஆட்டக்காரர். எங்கள் ஊரில் சாவு என்றால் சனிக்கிழமை, கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, மேளம். மேளத்துக்கு முன்னால் ஆடுகிறவர் முழங்காலைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து மேலே முன்னால் சாய்ந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து வர வேண்டும். பேசுவதெல்லாம் கைதான். கேட்கிறது, கும்பிடுகிறது, அழுகிறது, கோபித்துக்கொள்கிறது எல்லாம் கை. மாமே ஆடவந்தால் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள். அந்த ஆட்டமே குனிந்து ஆடுவது. குனிந்தால்தான் அவருக்கு வலிக்காதே! சர்ச் பெண்கள் சங்கத்துக்கு இது எங்கே புரியும்? "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு எந்திரிச்சு நிக்க முடியலையாம், சனிக்கிழமை மட்டும் எலும்பு சரியாயிடுதாம்" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்கள். மாமே அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தார். "கர்த்தர் என்னைக் குனிய வெச்சிருக்கார், உங்களை நிமிர வெச்சிருக்கார். அவரவர் வேலையை அவரவர் பாருங்க."

இப்படியே போயிருக்கும். ஒருநாள் என் மேசைக்கு வந்தபோது அவர் இடது காலில் செருப்பு இல்லை. "மாமே, செருப்பு எங்கே?" என்றேன். குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. செருப்பு சர்ச் சுவரருகே கிடந்தது. அன்றைக்குச் சிரித்துவிட்டோம். அடுத்த வாரம் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு தெறித்து அதே காலில் விழுந்தது. மாமே பேச்சை நிறுத்தவில்லை. தோல் பொசுங்குகிற வாடை வந்தபிறகு, பழம் வாங்க நின்றவன்தான் கத்தினான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மாமேவின் மகள் கொனாடு தூரத்தில் தமாலே ஊரில் நர்ஸ். போட்டது போட்டபடி ஓடிவந்தாள். "அம்மா, நரம்பு செத்துக்கிட்டு இருக்கு. இனிமே கசப்புத் தண்ணி, எண்ணெய், ஜெபம்னு ஒண்ணும் பேசாத. ஆப்பரேஷன்" என்றாள். தெருவே டாக்டர் ஆகிவிட்டது. எங்கள் தெரு போவாஹென் சார் முதுகில் ஆப்பரேஷன் செய்துகொண்டு வந்து கம்போடு நடப்பதை ஒருவர் காட்டினார். அதே போவாஹென் சார், "அறுக்கலைன்னா கம்பு இல்லை, சக்கர நாற்காலி. அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். மாமே இரண்டு பேருக்கும் பழம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இது எனக்குப் பயமாக இருந்தது. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் ஆசியாமாவிடம் நானும் கூடப் போனேன், பை பிடிக்க. நல்ல மனுஷர், அவசரப்படாமல் பேசினார். "மாமே, ரெண்டு எலும்பைத் திறந்து நரம்புக்கு வழி விடணும். ஒரு இடத்துல எலும்பு நழுவியிருக்கு, அங்க ஆணி போட்டு இறுக்கணும். வலி குறையும், நிக்காம நடப்பீங்க. மரத்துப்போன கால் பூரா திரும்பி வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இதுக்கு மேல போகாம நிறுத்தப் பாக்கலாம்."

"குனிய முடியுமா?" என்றார் மாமே.

"நிமிர முடியுமான்னு கேக்கறீங்களா?"

"நிமிர்ந்து நான் எங்க போகப்போறேன்? குனிய முடியுமான்னு கேக்கறேன்." நாற்காலியிலிருந்து எழுந்து, முழங்கால் தளர்த்தி, முன்னால் சாய்ந்து காட்டினார். கை தானாக மேலே வந்தது. டாக்டரும் எங்கள் ஊர்க்காரர்தான், அது என்ன ஆட்டம் என்று அவருக்குத் தெரியும். பேனாவைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் குறையும். எவ்வளவுன்னு எனக்கு இப்பத் தெரியாது" என்றார். "முதல் மூணு மாசம் குனியவே கூடாது."

திரும்பி வரும்போது டாக்ஸியில் கொனாடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மாமே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "மூணு மாசத்துல அவ இருக்க மாட்டாடி" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவ என்றால் அச்சியா அக்கா. எங்கள் பக்கத்து அடோவாக் கூட்டத்துக்கு முன்பாட்டுக்காரி. அவர் பாட, மாமே ஆட, இருவருமாக இந்த ஊரில் பாதிப் பேரை வழியனுப்பியிருக்கிறார்கள். அச்சியா அக்காவுக்கு இருதயம் களைத்துவிட்டது. கால் இரண்டும் வீங்கி, தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். யார் முதலில் போனாலும் மற்றவள் வந்து செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று இளவயதிலேயே பேசி வைத்திருக்கிறார்கள். மாமேவைத் தடுத்தது கத்தி அல்ல, ஆணி அல்ல. தோழி போகிற நாளில் தான் கட்டிலில் பலகை மாதிரிக் கிடக்கக் கூடாது. இந்த ஒன்றுக்காகக் கால் போனாலும் போகட்டும் என்று துணிந்தார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

நேற்று சாயங்காலம் அச்சியா அக்காவின் அறைக்கு மாமேவை நான்தான் கூட்டிப் போனேன். கட்டிலின் இரும்புக் கம்பியில் முழங்கையை ஊன்றியதுமே மாமேவின் முகம் இளகியது.

"டாக்டர் என்ன சொன்னான்?" என்றார் அச்சியா அக்கா.

"மூணு மாசம் குனியக் கூடாதாம்."

"சரி, குனியாத."

"சரியாவது? அதுக்குள்ள நீ..."

"செத்துட்டா? சொல்லேன், வாய் வெந்துடாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க அண்ணன் செத்து எத்தனை நாள் ஐஸ் பெட்டியில கிடந்தான்? லண்டன்ல இருந்து அவன் பையன் வரணும், வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், கூடாரம் கிடைக்கணும்னு. ஒரு தடவையாவது குளிருதுன்னு சொன்னானா? நானும் கிடக்கேன். உன் இடுப்புக்காகக் கிடக்கேன். என் பையன்கிட்ட சொல்லிட்டேன், பிராகோவோட டாக்டர் எந்த சனிக்கிழமை சரிங்கறாரோ அதுதான் எனக்கு அடக்கம்னு."

வாசலில் நின்ற மகன் தலையை ஆட்டினான். எங்கள் ஊரில் பிணம் காத்திருப்பது புதிதல்ல. மந்திரிக்காகக் காத்திருக்கும், வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கும். ஆட வேண்டியவளின் முதுகு ஆறட்டும் என்று ஒருத்தி காத்திருக்கச் சம்மதித்து நான் கேள்விப்பட்டதில்லை.

"ஆணி போட்ட இடுப்போட மரக்கட்டை மாதிரி ஆடினா ஊர் சிரிக்கும்" என்றார் மாமே. குரல் இறங்கிவிட்டது.

"சிரிக்கட்டும். நான் எந்திரிச்சு வந்து திட்டவா போறேன்? நெருப்பு விழுந்தது தெரியாத கால்டி அது. இன்னும் கொஞ்ச நாள் போனா கீழ தரை இருக்கான்னே உனக்குத் தெரியாது. தரை தெரியாம என்னத்த ஆடுவ? குனியறதைப் பத்தி அப்புறம் கவலைப்படு."

மாமே கட்டில் கம்பியிலிருந்து ஒரு முழங்கையை எடுத்தார். பிறகு என்னிடம், "கொனாடுவுக்குப் போன் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். "அந்த டாக்டர்கிட்ட சரின்னு சொல்லு. இல்லை, இனிமே யோசிக்க ஒண்ணுமில்லை. யோசிச்சாச்சு. அழாத, போனை வை."

அச்சியா அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டார். "சரி, இப்ப ஆடு."

"பைத்தியமா உனக்கு?"

"பெட்டிக்குள்ள போனப்புறம் நீ எப்படி ஆடினேன்னு எனக்கு யார் வந்து சொல்லுவா? முதுகு உன்னோட முதுகா இருக்கறப்பவே ஒரு தடவை பாத்துக்கறேன்."

நான் நாற்காலியை ஓரமாகத் தள்ளினேன். மகன் காலி பால்பவுடர் டப்பாவை எடுத்து ஒரு கரண்டியால் தட்டினான். அச்சியா அக்கா பாடினார். ஊரையே எழுப்பிய குரல், இப்போது அந்த அறையைத் தாண்டவில்லை. மாமே செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார். தெருவில் தினமும் சுவருக்குச் சுவர் தொத்திப்போகிற அந்த உடம்புதானா இது என்று இருந்தது. இடது பாதம் மட்டும் ஒவ்வொரு அடியிலும் லேசாகத் தரையில் தட்டியது. கை இரண்டும் அச்சியா அக்காவிடம் ஏதோ கேட்டன, குறை சொன்னன, சமாதானம் ஆயின. அச்சியா அக்கா சிரித்துக்கொண்டே பாடினார்.

அப்புறம் வேண்டுமென்றே பாட்டின் கடைசி வரியைப் பாடினார். சாவு வீட்டில் அந்த வரி வரும்போது ஆடுகிறவள் இரண்டு கையையும் தன் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். என்னை அநாதையாக்கிவிட்டுப் போய்விட்டாயே என்று அதற்கு அர்த்தம். உயிரோடு இருக்கிற ஒருவருக்காக அப்படித் தலையில் கைவைக்க மாட்டார்கள், குழந்தை விளையாட்டுக்கு வைத்தாலும் அடி விழும். அச்சியா அக்கா பாடுவதை நிறுத்தாமல், மாமேவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கரண்டியைத் தூக்கியபடி அப்படியே இருந்துவிட்டான்.

மாமேவின் கைகள் மேலே வந்தன. தோளைத் தாண்டின. காதருகே வந்து நின்றன. பிறகு அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்து, அந்த இரண்டு கையாலும், அச்சியா அக்காவின் நெற்றியில் வழுக்கி இறங்கியிருந்த தலைத்துணியை அவிழ்த்து, இழுத்து, நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டார்.