சாமியார் அடித்த பச்சை

அனல்மின் நிலையத்தை ஒட்டிய சாம்பல் கல் பட்டறையில் கலவை போடுகிறவருக்கு எல்லோரும் வைத்த பெயர் சாமியார். உடம்பெல்லாம் சாம்பல், வீட்டில் பெண்டாட்டி இல்லை. வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் சாமியாருக்கு இருக்கக்கூடாத ஆசை ஒன்று இவருக்கு இருந்தது. லாரிப் புகையில் மூச்சிரைப்பு தாங்காமல் மூன்று வருஷமாக அண்ணன் வீட்டில் கிடக்கும் மனைவி திரும்பி வரவேண்டும். அவள் சீப்பு இன்னும் ஜன்னல் விளிம்பில்தான் இருந்தது. தூசி தட்டித் தட்டி அதே இடத்தில் வைப்பார்.

பட்டறை ஆய்வுக்கூடத்து அம்மா புதிதாக ஒரு கல் செய்திருந்தார். சாம்பலோடு ஏதோ வெள்ளைத் தூள் சேர்த்தது. வெயில் பட்டால் அதன் முகம் வண்டிப் புகையின் நச்சைத் தின்னும். மழை மிச்சத்தைக் கழுவிவிடும். மூலை உடைந்த கற்களை வீட்டுக்குக் கொண்டுபோகச் சாமியார் ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கினார். ஆறு மாதம், லீவு நாளெல்லாம் வேலை செய்து, சாலையோர முற்றத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார். அந்த அம்மா காற்றிலுள்ள நச்சை அளக்கும் மீட்டரோடு வந்து பார்த்தபோது எண் பாதியாக இறங்கியிருந்தது.

"இனிமே உங்க வீட்டம்மாவை வரச் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக மனைவி சொன்னாள். சாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமான புதிதில் அவள், "சுவரு இளம்பச்சையா இருந்தா நல்லா இருக்கும்ல" என்று ஒரேயொரு தடவை கேட்டிருந்தாள். அவர்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இப்போது இரண்டே நாளில் சுவர் முழுக்கப் பச்சை அடித்து முடித்தார்.

சனிக்கிழமை காலை அந்த அம்மா மறுபடி வந்து வைத்த மீட்டர் பழைய எண்ணைக் காட்டியது.

"கலவை போடுறவரே இப்படிப் பண்ணலாமா?" என்றார் அந்த அம்மா.

கல் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "மேல எதையும் பூசிடாதீங்க, கல்லுக்கு மூச்சு முட்டும்" என்று வாய் வலிக்கச் சொல்கிறவரே அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வராதம்மா. சுவத்துல பெயிண்ட் அடிச்சிட்டேன். சுரண்டி எடுக்க ஒரு மாசம் ஆகும்."

இந்நேரம் அவள் பெட்டி கட்டி முடித்திருப்பாள்.

"என்ன கலரு?"

"நீ கேட்ட பச்சை."

அவள் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது.

"ஒரு கல்லை மட்டும் சுரண்டாம விட்டு வைங்க. நான் வந்து பாக்கணும்."

வாசலை ஒட்டிய கல் ஒன்றைக் கை தவறிச் சுரண்டிவிடாதபடி பழைய துணி ஒட்டி மறைத்தார். பிறகு அடுத்த கல்லைச் சுரண்ட உட்கார்ந்தார்.