ஃபோர்ட் வெய்ன் முளைப்பாரி

காலை ஆறு மணிக்கு மோகனூர் சாலை நாற்சந்தியில் ஈ காக்கை இருக்காது. சுகன்யா காரை முழுதாக நிறுத்துகிறாள். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் பார்த்து, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் கிளம்புவாள். அமெரிக்காவில் பழகிய அந்த வரிசை இந்த ஊருக்குப் பொருந்தாது. இங்கே வண்டி முதலில் வலப்பக்கத்திலிருந்து வரும். அது அவளுக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியாது. பின்னால் முட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க அம்மணி, டீசல் தீந்துருச்சுங்களா?" என்று கேட்பார். தினமும் யாராவது ஒருவர் கேட்கிறார். சுகன்யா கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவாள். மறுநாளும் நிறுத்துவாள்.

வயது நாற்பத்தைந்து. நாமக்கல்லைச் சுற்றி முப்பது கோழிப்பண்ணைகளில் மின்விசிறி ஓடுகிறதா, வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா, தண்ணீர்க் குழாயில் அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது அவள் தொழில். பேச்சு குறைவு. ஷெட்டுக்குள் நுழைந்து வெப்பமானியைப் பார்ப்பாள். இருபத்தேழு என்று காட்டினால், "எண்பது புள்ளி ஆறு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். முப்பத்தொன்பது வருடம் அமெரிக்காவில் இருந்து திரும்பிய அவள் அப்பா மயில்சாமிக்கு வெப்பம் ஃபாரன்ஹீட்டில் சொன்னால்தான் உடம்பில் உறைக்கும். மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போதே, "ஷெட்டு எத்தன இருந்துச்சு சாமி?" என்று கேட்பார். சித்திரையில் அவர் போய்விட்டார். கணக்கு இன்னும் வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பண்ணைக்காரர்களுக்கு அவள் பேச்சு ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பிறந்தவள் ஆங்கிலத்தைக் கலந்து பேசுவாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அவளோ தட்டை வட்டல் என்கிறாள், பண்டிகையை நோம்பி என்கிறாள், விருந்தாளி வந்தால் ஒறம்பரை வந்திருக்கிறார்கள் என்கிறாள். 1978-இல் விமானம் ஏறிய இரண்டு பேரிடம் கற்ற தமிழ். ஊர்த் தமிழ் அதற்குப் பிறகு எங்கெங்கோ போய்விட்டது. "ஏனுங்கக்கா, உங்க பேச்சக் கேட்டா செத்துப்போன எங்க பெரியாத்தா எந்திரிச்சு வந்த மாதிரி இருக்குதுங்க" என்றார் பண்ணைக்காரர் பூபதி. எந்திரிச்சு வந்தவருக்கு முதலில் ஒரு டீ சொல்லுங்கள் என்றாள் சுகன்யா.

அவள் வளர்ந்த ஊர் இந்தியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன். சேலத்தைவிடச் சின்னது, நாமக்கல்லைவிடப் பெரியது. கடல் கிடையாது, மலை கிடையாது, படம் எடுத்து அனுப்புகிற மாதிரி எதுவும் கிடையாது. மயில்சாமி அங்கே லாரி அச்சு செய்கிற தொழிற்சாலையில் எந்திரம் ஓட்டினார். பனி கொட்டிய காலைகளில் தங்கள் வீட்டு வாசலை வழித்துவிட்டு, அதே மூச்சில் பக்கத்து வீட்டு டோரத்தியின் வாசலையும் வழித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். நாற்சந்தியில் எதிரே வருகிற காருக்கு வழிவிட்டு, கண்ணாடிக்குள்ளிருந்தே கையைக் காட்டி, "நீங்க போங்க சாமி" என்பார். எதிரே இருப்பவரும் கையைக் காட்டுவார். இரண்டு பேரும் காட்டிக்கொண்டே இருக்க, பள்ளிக்கூடம் தாமதமாகும். ஆகஸ்டில் பொருட்காட்சி வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ராட்டினத்துக்கு ஓடும். சுகன்யாவின் கை மட்டும் கோழிக் கொட்டகையில், ஒரு வெள்ளைக்கார விவசாயியிடம் உங்கள் கோழி வருடத்துக்கு எத்தனை முட்டை இடும் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் அப்பாவின் கைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ஊருக்கு நடுவே இரண்டு ஆறுகள் கூடி, மூன்றாவது பெயரோடு கிழக்கே போகும். முதல் வருடமே மயில்சாமி அதைப் பார்த்துவிட்டு, பவானி கூடுதுறைக்கு இங்கே கிளை இருக்கிறது என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். ஆடி நோம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஒன்பது நாள் முன்பு சுகன்யாவின் அம்மா ஐஸ்கிரீம் டப்பாக்களில் மண் நிரப்பி நவதானியம் விதைப்பாள். வீட்டுக்கு அடியிலிருந்த இருட்டறையில் மூடி வைப்பாள். வெளிச்சம் படாமல், வெளிர் மஞ்சளாக முளைப்பாரி எழும்பி வரும். பதினெட்டாம் நாள் மூவரும் காரில் ஏறி, கூடுதுறையில் அதை விடுவார்கள். ஒரு வருடம் பூங்காக் காவலர் வந்து இது என்ன என்று கேட்டார். ஆற்றுக்குச் சீர் என்று எப்படிச் சொல்வது? "மீனுக்குக் கீரை" என்று மயில்சாமி ஆங்கிலத்தில் சொன்னார். காவலர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

சுகன்யாவுக்குப் பதினொரு வயது நடந்தபோது, ஜூலை தொடக்கத்தில் அம்மா இறந்தாள். இழவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நோம்பி கிடையாது. மயில்சாமி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். இதெல்லாம் டோரத்திக்குத் தெரியாது. ஜூலைக் கடைசியில் இந்த வீட்டுக்காரி பயறு விதைப்பாள், ஆகஸ்ட் பிறந்ததும் ஆற்றுக்குக் கொண்டுபோவாள், இந்த வருடம் அவள் இல்லை, ஆகவே நாம்தான் விதைக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது. கடையில் சூப்புக்கு விற்கிற கலவைப் பயறுப் பொட்டலத்தை வாங்கி விதைத்து, சமையலறைச் சன்னலில் நல்ல வெயிலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டிருக்கிறாள். பதினெட்டாம் நாள் கதவைத் தட்டினாள். கையில் டப்பா. இலை விட்டு, கரும்பச்சையாய், கீரைப் பாத்தி மாதிரி நின்றது.

மயில்சாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆற்றுக்குக் காரில் போகும்போது மகளிடம் சொன்னார்: "ஒறம்பரை கொண்டு வந்தத வேண்டாம்னு சொல்லப்படாது சாமி."

அடுத்த வருடத்திலிருந்து அவரே விதைத்தார். ஊர் திரும்பிய பிறகும் மோகனூர்க் காவிரியில் வருடா வருடம் விட்டார். ஆம்பளை முளைப்பாரி போடுகிறான் என்று பங்காளிகள் சிரித்ததற்கு, அமெரிக்காவில் அப்படித்தான் என்று பதில் சொன்னார்.

இந்த வருடம் ஆடி பிறந்ததும் சுகன்யா தானியப் பையை எடுத்து வைத்தாள். அன்று வந்திருந்த அத்தை அங்கம்மாள், மயில்சாமியின் தங்கை, அதைப் பார்த்துவிட்டாள். உள்ளூரில் சின்னுசாமி என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவள். முறை தவறினால் பொறுக்க மாட்டாள்.

"உங்கப்பன் போயி நாலு மாசம் ஆவுல. இந்த வருசம் நோம்பி கெடையாது."

"செஞ்சா என்னங்க ஆகும் அத்தை?"

"ஆவறதுக்கு என்ன. ஊரு பேசும்."

"அவ்வளவுதானுங்களா?"

"அது போதாதா?"

சுகன்யா தர்க்கம் பண்ணுகிறவள் அல்ல. பையை மறுபடி அலமாரியில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஃபோர்ட் வெய்னை அவளோடு கூட இருந்து பார்த்தவர் அப்பா ஒருவர்தான் மிச்சம் இருந்தார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. டோரத்தி இறந்தும் பத்து வருடம் ஆகிறது. இந்த முளைப்பாரியும் நின்றால், அப்படி ஓர் ஊர் இருந்தது, அதில் ஒரு சிறுமி வளர்ந்தாள் என்பதற்கு அவள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

அலமாரியைப் பார்த்தபடியே டோரத்தியின் கதையைச் சொன்னாள். ஒரு பொறியாளர் பழுது விவரம் எழுதுகிற மாதிரி சுருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக. அண்ணன் இருந்தவரை அங்கம்மாளிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கேட்டு முடித்ததும் அங்கம்மாள் கேட்ட முதல் கேள்வி: "பச்சையாவா வந்துச்சு?"

"ஆமாங்க. வெயில்ல வெச்சுட்டாங்க."

அங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று சுகன்யாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அலமாரியைத் திறந்து பையை எடுத்தாள்.

"உங்கப்பன் ஊட்ல போடக் கூடாது. நா கட்டிக்குடுத்தவ, எங்க ஊடு வேற கூட்டம், வேற குலம். எங்க ஊட்ல போட்டா எவன் கேப்பான்? ஆனா நீ தொடப்படாது. கூட வா, பாரு. அவ்வளவுதான்."

ஆடிப் பதினெட்டு அன்று மோகனூர்ப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அங்கம்மாள் முளைப்பாரித் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எழுபத்திரண்டு வயது. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆறு வரை எங்கும் நிற்கவில்லை. பின்னால் வந்த சுகன்யாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. தெரிந்த பெண்கள் நாலைந்து பேர் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். சுகன்யா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

தண்ணீருக்கு நான்கு படி இருக்கும்போது அங்கம்மாள் நின்றுவிட்டாள்.

"முட்டி புடிச்சுக்கிச்சு சாமி. இனி ஒரு படி எறங்க முடியாது."

"தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே அத்தை."

"தொட யாரு சொன்னா? கீழ உளுந்துரும், புடின்னு சொல்றேன். புடி."

சுகன்யா வாங்கிக்கொண்டாள். நான்கு படி இறங்கினாள். காவிரி கெண்டைக்கால் வரை ஏறியது. தட்டைத் தண்ணீரில் வைத்து, இழுப்பு தானாக அதை எடுத்துக்கொள்ளும்வரை அடியில் உள்ளங்கையைக் கொடுத்திருந்தாள். அது போய்விட்ட பிறகு திரும்பிப் பார்த்தாள்.

மேலே அங்கம்மாள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு சொட்டுகூட நனையாத தன் முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்து, ஆறு கண்ணில் படாதபடி அந்தப் பெண்களின் முகத்துக்கு நேரே நிதானமாக உதறிக்கொண்டிருந்தாள்.