படித்துக் காட்டியதாக ஒரு கையெழுத்து

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஆட்டோ லோன் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். படிவம் முழுக்க இங்கிலீஷ். கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி: 'மேற்கண்ட விவரங்கள் தமிழில் படித்துக் காட்டப்பட்டன.' அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். யார் படித்துக் காட்டினது? இருபது படிவத்தில் முன்கூட்டியே போட்டுப் பைக்குள் வைத்திருப்பேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்த அக்கா, புருஷன் ஓட்டுவதற்கு ஒரு ஆட்டோ வாங்க என்னிடம்தான் லோன் போட்டாள். அன்று மலை சுற்ற வந்த பௌர்ணமிக் கூட்டம்; அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"வட்டி ஜாஸ்தியா தம்பி?"

"கம்மிதான்க்கா, கையெழுத்தைப் போடு."

தவணை தவறினால் அபராத வட்டி, வண்டியையே தூக்கிவிடுவார்கள் என்பதைப் பற்றியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு தவணை தவறியது. தூக்கிவிட்டார்கள். அபராதம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று கம்பெனி கேட்ட தொகையைப் பார்த்து மிரண்டுபோனவள், இதை எவனும் சொல்லவே இல்லை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாள். ஜெயித்தால் வண்டி திரும்பி வரும்.

விசாரணையன்று கம்பெனி வக்கீல் வராந்தாவில் என்னை ஓரங்கட்டினார். "படிச்சுக் காட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லைனா உன் வேலை அவ்ளோதான்."

சொன்னேன். "ஒவ்வொரு வரியும் படிச்சேங்க ஐயா" என்று கூசாமல் சொன்னேன், பாவி!

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது நிஜமாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். வியர்வையில் என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. காறித் துப்பப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்கய்யா. தம்பி படிச்சாரு. எனக்குத்தான் காதுல ஏறல."

கேஸ் அதோடு முடிந்தது.

வெளியே வந்ததும் ஓடிப்போய் அவளை நிறுத்தினேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"வக்கீலு உன்ன மெரட்டுனத கேட்டுட்டுதான் நின்னேன். உன் பொண்டாட்டிக்கு நெறமாசம்னு சொன்னாங்க. இந்த நேரத்துல வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவே? எங்க ஊட்டுக்காரரு வாடகை வண்டி ஓட்டிக்குவாரு, போ."

கோர்ட் கதவு பத்தடி தூரத்தில் திறந்தேதான் கிடந்தது. நீதிபதியும் இன்னும் எழுந்து போகவில்லை. உள்ளே போய், "படிக்கலீங்க ஐயா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.